மூன்றாவது சிப்பாய்

மாமனாருக்குக் காலையில் முதலில் டீ வேண்டும், டீ முடிந்ததும் மெடல் வேண்டும். டீ தாமதமானால் முணுமுணுப்பார். மெடல் தாமதமானால் வீடே அதிரும். சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கண்களையும் தின்றுவிட்டிருந்தது. வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும் தெரியும். அதனால் மெடலை அவர் பார்ப்பதில்லை, தடவுவார். கட்டைவிரலை அதன்மேல் வைத்து, பச்சைக் குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல விளிம்பிலிருந்து உள்ளே நகர்த்துவார்.

"இது கோட்டை. இது கொடி. இது ஏணி. ஏறுறாங்க பாரு, ஒண்ணு, ரெண்டு... இந்தா, மூணாவது ஆளு. இதுதான் எங்கப்பா."

கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்வார். மூத்த மருமகள் அடுப்படியிலிருந்து "ஆமா மாமா" என்று ஒரு வார்த்தை போடுவாள். அந்த ஒரு வார்த்தை விழாவிட்டால் மறுபடியும் கோட்டையிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

அது சாதாரண மெடல் இல்லை. தலைமுறை தலைமுறையாக யாராலும் பிடிக்க முடியாத மலைக்கோட்டை ஒன்றை ஒரே விடியற்காலையில் பிடித்த படையில் மாமனாரின் அப்பா இருந்தார். வெற்றிக்குப் பிறகு படையில் இருந்த எல்லாருக்கும் வெண்கலம் கொடுத்தார்கள். காயம்பட்டவர்களுக்கு வெள்ளி. முதல் ஏணியில் ஏறி, உயிரோடு கீழே இறங்கியவர்களுக்கு மட்டும் தங்கம். அப்படி இறங்கியவர்கள் ஒரு மாட்டுவண்டியில் அடங்கிவிடுவார்கள். அந்தக் குடும்பங்களில் சிலர் விற்றார்கள், சிலர் உருக்கினார்கள், ஒருவர் வீட்டில் திருட்டுப் போனது. இப்போது கண்ணுக்குத் தெரிந்து மிச்சமிருந்தது இது ஒன்றுதான். ஒரு பக்கம் கோட்டையும் ஏணியும் ஏழு சிப்பாய்களும், மறுபக்கம் வெற்றி நாளின் தேதி. விளிம்பில் பொடி எழுத்தில் மாமனாரின் அப்பா பெயர்.

ஏழு பேரில் மூன்றாவது ஆள் தன் அப்பாதான் என்பதற்கு மாமனாரிடம் எந்த ஆதாரமும் இல்லை. சிப்பாய் ஒவ்வொருவனும் அரிசி அளவுதான். ஆனால் அவருக்குச் சந்தேகமே கிடையாது. சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து "இதுல நீங்க யாருப்பா?" என்று கேட்டதற்கு அவர் மூன்றாவது ஆளைக் காட்டினாராம். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டவருக்கு அது வேதமாகிவிட்டது.

பஸ் கண்டக்டராக இருந்த சின்ன மகன் வரும்போதெல்லாம் இதை வைத்துக் கிண்டல் செய்வான்.

"அப்பா, மூணாவது ஆளுக்கு மூஞ்சியே இல்லப்பா. நீங்க தடவித் தடவியே தாத்தா மூக்கத் தேச்சுட்டீங்க."

"உன் நாக்கத்தான்டா தேய்க்கணும்."

"அவரு ஏறுறாரா, எறங்கி ஓடுறாரான்னுகூட தெரியல."

"ஏறுறாருடா! எங்கப்பன் எறங்கி ஓடுற ஆளா? ஓடுறது உன் பரம்பரை!"

"நானும் அதே பரம்பரைதானப்பா" என்று அவன் சிரிப்பான். பெரியவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்.

மூத்த மருமகளுக்கு நகைப் பட்டறையில் வேலை. பாலிஷ் பிரிவு. நீளமான மேஜை, வரிசையாக மோட்டார்கள், ஒவ்வொரு மோட்டாரிலும் சுற்றும் துணிச் சக்கரம். சக்கரத்தில் முதலில் கரகரப்பான பழுப்புக் கட்டியைத் தேய்த்து நகையின் கீறல்களை எடுக்க வேண்டும். அப்புறம் செவப்பு மெழுகுக் கட்டியைத் தேய்த்துப் பளபளப்பு ஏற்ற வேண்டும். அந்தச் செவப்பு நகக்கண்ணில் புகுந்தால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மாமனாருக்கு அவள் கை நிறம் தெரியாது, ஆனால் மெழுகு வாசனை தெரியும். "கையக் கழுவிட்டுத் தொடும்மா" என்பார். அவள் கழுவிய கையை மறுபடியும் கழுவிவிட்டு டப்பாவை எடுத்துக் கொடுப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளைத் திட்டியதும் இல்லை, பாராட்டியதும் இல்லை. சுவரில் மாட்டிய கடிகாரத்தை யாராவது பாராட்டுவார்களா? ஓடுகிறவரை அது பாட்டுக்கு ஓடும்.

பட்டறை மேஸ்திரி அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார். "நகையப் பாக்காதே. நகைக்குள்ள தெரியிற டியூப்லைட்டப் பாரு. லைட்டோட கோடு நெளியாம நேரா தெரிஞ்சா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். நெளிஞ்சா இன்னும் போடு." அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு மோதிரம், வளையல், சங்கிலி எதுவும் தெரிவதில்லை. ஒரு வெள்ளைக் கோடுதான் தெரியும். அதை நேராக்குவதில் அவளை மிஞ்ச அந்த வரிசையில் ஆளில்லை.

கோட்டையைப் பிடித்து நூறு வருஷம் ஆகப்போகிறது என்று முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். விழாவில் முன்வரிசையில் மாமனாருக்கு நாற்காலி, மெடலுக்குக் கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் ஒரு காவலாள் என்று அவர் சொல்லச் சொல்ல பெரியவர் கட்டிலில் நிமிர்ந்துகொண்டே போனார். மெடலை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்த செயலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"பெரியவரே, தப்பா நினைக்காதீங்க. வெளியூர்லருந்து வெண்கலம், வெள்ளியெல்லாம் வந்திருக்கு. ஒவ்வொண்ணையும் கண்ணாடி மாதிரி வச்சிருக்காங்க. உங்களுது தங்கம். பக்கத்துல வச்சா உங்களுதுதான் பித்தளை மாதிரி தெரியும்போல."

"தங்கம் மங்குமாய்யா?"

"மங்கியிருக்கே" என்றார் அவர். சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது!

அன்று சாயங்காலம் முழுக்கப் பெரியவர் மெடலைத் தடவிக்கொண்டே இருந்தார். விளக்குப் போடும் நேரத்தில் மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நிஜமாவே மங்கலாவா இருக்கு? நீ தங்கத்துல வேலை பாக்குறவ. உனக்குத் தெரியுமே."

அவர் அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் மங்கல்தான் மாமா. அழுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல."

"அப்படியா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கே அவருக்குக் காய்ச்சல் கண்டது.

மறுநாள் மெடலைக் கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துப் பட்டறைக்கு எடுத்துப்போனாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் மோட்டாரைப் போட்டாள். சத்தம் கேட்டு மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா அது, சொந்தச் சரக்கா? முதலாளி பாத்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கணக்கு முடிச்சுடுவாரு."

"மாமனாரோட மெடல்ணே. விழாவுக்கு வைக்கணுமாம்."

"சரி, சட்டுனு முடி. நான் பாக்கல" என்று அவர் நிஜமாகவே பார்க்காமல் போய்விட்டார். பார்த்திருந்தால் தடுத்திருப்பாரோ என்று அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்தாள்.

பழுப்புக் கட்டியில் ஆரம்பித்தாள். எத்தனையோ வருஷத்துக் கீறல்கள் சக்கரத்தில் பட்டதும் கரைந்தன. விளிம்பை, வளையல் விளிம்பைப் போடுவதுபோலவே சுழற்றிப் போட்டாள். பிறகு செவப்பு. தங்கம் சூடேறி விரலைச் சுட்டது. அவள் விடவில்லை. மெடலுக்குள் டியூப்லைட் முதலில் பாம்பாக நெளிந்தது, அப்புறம் வளைந்த கம்பியானது, கடைசியில் நேர்கோடாக நின்றது. இவ்வளவு அழகான கோடு எந்த நகையிலும் வந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சுடுதண்ணீரில் கழுவித் துடைத்துத் திருப்பிப் பார்த்தாள். ஏணி இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு மேடு. அதன்மேல் சின்னச் சின்ன அலைகள். ஏழு மேடுகள் இருக்கிற ஒரு பரப்பில் கோடு எப்படி நேராக விழும் என்று அந்த நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. மின்னுகிற பொருளைப் பார்த்தால் கண் கூசத்தான் செய்யும், வீட்டில் நிதானமாகப் பார்த்தால் எல்லாம் தெரியும் என்று கைக்குட்டையில் சுற்றிவிட்டாள். வீட்டில் நிதானமாகப் பார்க்கவும் இல்லை. பயந்தவள் எங்கே பார்ப்பாள்? டப்பாவில் வைத்து மூடினாள்.

காய்ச்சல் என்று கேள்விப்பட்டுச் சின்னவன் டியூட்டி முடிந்து வந்து அப்பா பக்கத்தில் இரவு உட்கார்ந்திருந்தான். சும்மா இருக்க முடியாமல் டப்பாவைத் திறந்தான்.

"அண்ணி! என்ன இது, கண்ணக் குத்துது?"

"ஷ்ஷ். மாமாகிட்ட சொல்லாதே தம்பி. விழாவுல நாலு பேரு சொல்லி அவரு கேக்கட்டும்."

கட்டிலிலிருந்து முனகல் கேட்டது. "யாரு டப்பாவத் தொறக்குறது?"

"நான்தான்பா. சின்னவன்."

"மூடி வைடா."

மூடி வைத்தான். விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

காய்ச்சல் விட்ட அன்று பெரியவர் டீயை முழுக்கக் குடித்தார். கையை நீட்டினார். அவள் மெடலைக் கொடுத்துவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றாள். அவர் கட்டைவிரல் விளிம்பைத் தொட்டது. நின்றது. மறுபடியும் விளிம்பைச் சுற்றி வந்தது. உள்ளே போனது. மேலே, கீழே, குறுக்கே. இருட்டில் தெரியாத வீட்டுக்குள் நுழைந்தவன் சுவரைத் துழாவுவதுபோல அந்த விரல் அலைந்ததை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது வேற" என்றார்.

"மாமா..."

"இது எங்க மெடல் இல்ல. எழுத்து இல்ல. ஆளுங்க இல்ல. யாரோ மாத்தி வச்சிருக்காங்க." ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவர் முகம் மாறியது. "அவன்தான். அன்னைக்கு டப்பாவத் தொறந்தான்ல. அவன்தான்!"

"இல்ல மாமா! நான்தான் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி பாலிஷ் போட்டேன். அதே மெடல்தான். நான் அழுத்திப் போட்டதுல தேஞ்சிடுச்சு. தப்பு என்மேலதான்."

பெரியவர் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது.

"நீ இப்படித்தான் சொல்லுவன்னு எனக்குத் தெரியும்மா."

அதற்குக் காரணம் இருந்தது. மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் அவருடைய சங்கிலி ஒன்று பீரோவிலிருந்து காணாமல் போனது. எடுத்தது சின்னவன்தான்; அப்போது அவனுக்குச் சேர்க்கை சரியில்லை. வீட்டில் ரகளை வெடிக்கப்போகிற நேரத்தில் மருமகள் குறுக்கே புகுந்து, "கொக்கி விட்டுப்போச்சுன்னு நான்தான் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கேன்" என்று ஒரே போடாகப் போட்டாள். எல்லாரும் நம்பினார்கள். சின்னவன் பயந்துபோய் நாலு நாளில் அதை அடகிலிருந்து மீட்டுக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தான். அன்றோடு அவனும் திருந்தினான். ஆனால் விஷயம் பிறகு எப்படியோ கசிந்தது. பெரியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசில் மட்டும் போட்டு வைத்திருந்தார்.

"அன்னைக்கும் பட்டறை, இன்னைக்கும் பட்டறையா? கொஞ்சம் மாத்திச் சொல்லக்கூடாதாம்மா? நல்ல மனசு உனக்கு. ஆனா தங்க ஊசின்னு கண்ணுல குத்திக்க முடியாது. அவன் எனக்குப் பொறந்தவன்தான். இருந்தாலும் திருடன் திருடன்தான்."

இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த பாராட்டு அது. நல்ல மனசு உனக்கு. இப்படியா வர வேண்டும்!

அவள் புருஷன், பெரியவரின் மூத்த மகன், ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு மத்தியானம் வந்தான். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தான். மனைவி சொன்னதை அவன் நம்பினான். அவள் கையைப் பற்றி அவனுக்குத் தெரியும். அப்பாவிடம் போய் எடுத்துச் சொன்னான்.

"நீ பேசாதே. பொண்டாட்டி சொன்னா நீ பகலையும் ராத்திரின்னுவ" என்று பெரியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவள் மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவரை வீட்டுக்கு அழைத்துவந்தாள். அவர் பட்டறைத் தராசையும் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, இந்தப் பொண்ணு மத்தியானத்துல மோட்டாரப் போட்டத நான் என் கண்ணால பாத்தேன்."

"மெடலப் பாத்தியா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பாக்கலைங்க. பாக்காத மாதிரி போயிட்டேன். பட்டறைச் சட்டம் அப்படி."

"பாக்காத சாட்சியக் கூட்டிட்டு வந்திருக்கா" என்றார் பெரியவர். "டீ குடிச்சுட்டுப் போப்பா."

"தங்கம் உரைச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்ங்க. பழைய தங்கம் இது. எடையும் போட்டுக் காட்டுறேன்."

எடை போட்டார். அந்த மெடலின் எடை பெரியவருக்கு மனப்பாடம். தராசு அதைவிடக் குறைத்துக் காட்டியது. குறைந்ததுதான் பாலிஷில் போனது என்று மேஸ்திரி சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவர் கையை உயர்த்தினார்.

"எழுத்து இல்ல. ஆளு இல்ல. எடையும் இல்ல. அப்புறம் இதுல எதுய்யா எங்கப்பாவோடது?"

மேஸ்திரி தராசைப் பைக்குள் எடுத்து வைத்தார். பெரியவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் மருமகளை இன்னும் கொன்றது.

அடுத்த நாள் அவள் மோட்டாருக்குப் பின்னால் இருக்கும் தூசிப் பையைப் பார்த்தாள். சக்கரத்தில் கழிகிற தங்கம் எல்லாம் அந்தப் பையில்தான் போய் விழும். மாதக் கடைசியில் அதை எரித்து, உருக்கி எடுப்பார்கள்.

"அண்ணே, இதுக்குள்ளதான இருக்கும்?"

"இருந்துச்சு. நேத்துத்தான் பை மாத்தினாங்க. உருக்குக்குப் போயிடுச்சு." மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "இருந்திருந்தாலும் என்ன பண்ணுவே? எத்தனை பேரு வளையல், எத்தனை பேரு மோதிரம். அதுல உன் சிப்பாய எங்கன்னு தேடுவே?"

அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து மோட்டாரைப் போட்டாள். அன்று ஒரு வளையலிலும் கோடு நேராக வரவில்லை.

விஷயம் சின்னவன் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? கண்டக்டர் பையைத் தோளில் மாட்டியபடியே வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அப்பா, இந்தத் தடவ நான் செய்யல."

பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

"சொல்லிட்டேன் தம்பி. சொல்லச் சொல்ல உன்மேலதான் போயி விழுது."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எடுத்தப்ப நம்ப மாட்டேன்னாங்க, எடுக்காதப்ப நம்புறாங்க. நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

விழாவுக்குப் பெரியவர் போகவில்லை. செயலாளர் வண்டி அனுப்பினார். "எதைக் கொண்டுவந்து வைக்கிறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது என்றும், கண்ணாடிப் பெட்டியில் யாருடைய வெள்ளி மெடலையோ வைத்தார்கள் என்றும் அடுத்த தெருக்காரர் வந்து சொன்னார். கேட்டுக்கொண்டு கிடந்த பெரியவர் அதற்குப் பிறகு சாப்பிடுவதைக் குறைத்தார். பிறகு நிறுத்தினார். தட்டைக் கொண்டுபோனால், "உருக்கியிருப்பானுங்க" என்பார். "ஏழு பேரையும் உருக்கியிருப்பானுங்க." அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். டாக்டர் வந்து பார்த்து, இப்படியே விட்டால் தாங்க மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு விடுமுறை நாளில் சின்னவன் வந்தான். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மருமகள் கையில் தட்டோடு நின்றிருந்தாள்.

"அப்பா. நான்தான் எடுத்தேன்."

பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே கிடந்தார்.

"கஷ்டம்ப்பா. புத்தி கெட்டுப்போச்சு. அதே அளவுல ஒண்ணு செய்யச் சொல்லி மாத்தி வச்சேன்."

பெரியவர் மெல்லத் திரும்பினார். மருமகள் வாயைத் திறந்தாள். சின்னவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் அவள் வாய் மூடிக்கொண்டது.

"உருக்கிட்டாங்களாடா?" என்றார் பெரியவர். காற்றுப் போன குரல்.

"இல்லப்பா. பழைய மெடல் சேர்க்கிற ஒருத்தருகிட்ட கொடுத்தேன். அவரு எதையும் உருக்க மாட்டாரு. அவருக்கு இதுதான் உசிரு."

"ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்கப்பா. ஏழு பேரும்."

"மூணாவது..."

"ஏறிக்கிட்டுத்தான் இருக்காரு."

பெரியவர் கையைத் தூக்கி மகனை ஓங்கி அறைந்தார். கண் தெரியாததால் அறை காதோரம் விழுந்தது. அப்புறம் அதே கையால் அவன் தலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "பசிக்குதும்மா" என்றார்.

படிக்கட்டில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவனிடம் அவள் ஓடினாள்.

"ஏன் தம்பி இப்படிப் பண்ணினே?"

"நீங்க உண்மையச் சொன்னீங்க, அவரு பட்டினி கிடந்தாரு. நான் பொய்யச் சொன்னேன், சாப்பிடுறாரு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"உன் பொண்டாட்டிகிட்டயாவது நிஜத்தச் சொன்னியா?"

"சொன்னேன்." அவன் செருப்பு வாரை மெதுவாக மாட்டினான். "நம்பின மாதிரி தலையாட்டினா. பீரோ சாவிய இப்ப முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சின்னவன் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. அதனாலோ என்னவோ அவன் புளுகு நிலைத்துவிட்டது. ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தான். வராவிட்டால் பெரியவர் விடமாட்டார். மெடலை விலைக்கு வாங்கியவர் எப்படிப்பட்டவர், வீடு எப்படி, மெடலை எதில் வைத்திருக்கிறார், மேலே வெளிச்சம் படுகிறதா, பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்கிறார் என்று கேள்வி மேல் கேள்வி. அவனும் பஸ்ஸில் பார்த்த முகங்களையும் வீடுகளையும் கலந்து கட்டி அளந்துவிடுவான். முன்பெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறவன் இப்போது சாயங்காலம்வரை இருந்தான். அப்பாவும் பிள்ளையும் அத்தனை நெருக்கமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. சொந்தக்காரர்கள் வந்தால் பெரியவர், "திருட்டுப் பயதான். ஆனா என் பய" என்று பெருமையாகவே சொல்வார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஒரு கல்யாண வீட்டில் சின்னவனை நகை இருந்த அறைப் பக்கம் போகவிடாமல் ஒருத்தர் பேச்சுக் கொடுத்தே நிறுத்திவைத்ததையும் அவள் பார்த்தாள். அவனும் அது தெரிந்தே நின்று பேசிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அவன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஏழெட்டு வயதுப் பெண். அப்பாவும் தாத்தாவும் உள்ளே பேசிக்கொண்டிருக்க, அவள் அடுப்படியில் வந்து பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காயைக் கீறிக் கீறித் தின்றுகொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"பெரியம்மா, எங்கப்பா திருடனா?"

"யாரு சொன்னா?"

"ஸ்கூல்ல சொல்றாங்க. அத்தை வீட்டுலயும் சொன்னாங்க. தாத்தாவே சொல்றாரு."

பெரியம்மா அடுப்பைச் சின்னதாக்கினாள். "இல்ல கண்ணு. உங்கப்பா எதையும் எடுக்கல. நான்தான் அந்த மெடலப் பாலிஷ் போடுறேன்னு தேச்சுக் கெடுத்துட்டேன். மெஷின்ல ரொம்ப நேரம் வச்சேன். உருவமெல்லாம் அழிஞ்சுபோச்சு. இந்த வீட்டுல இருக்கிறதுதான் நிஜ மெடல்."

குழந்தை அவளையே பார்த்தது. பெரியவர் முகத்தில் பார்த்த அந்தப் பரிதாபம் இந்த முகத்திலும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப எங்கப்பா நல்லவரா?"

"நல்லவருடா. ரொம்ப நல்லவரு."

குழந்தை முகம் விரிந்தது. ஒருத்தி நம்பிவிட்டாள். ஒரு கேள்வி கேட்காமல், எடை போடாமல், பழசைக் கிளறாமல் நம்பிவிட்டாள். தேங்காயைக் கீழே போட்டுவிட்டு எழுந்து பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க பெரியம்மா. தாத்தாகிட்ட சொல்லலாம்."

"தாத்தாகிட்டயா?"

"நீங்க ஒரு தடவ சொன்னா நம்ப மாட்டாரு. நானும் சேந்து சொல்றேன். வாங்க!"

உள்ளே பெரியவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அப்போ அந்த ஆளு வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் எங்கப்பாவக் காட்டுறாருங்கிற?" "ஆமாப்பா. பூதக்கண்ணாடி வச்சுக் காட்டுறாரு." "மூக்குத் தெரியுதாமா?" "தெளிவாத் தெரியுதாம்."

குழந்தை இன்னும் இழுத்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"வேணாம் கண்ணு."

"ஏன்?"

"தாத்தா இப்பத்தான் ஒழுங்கா சாப்பிடுறாரு. இதச் சொன்னா... வேணாம். நீ யாருகிட்டயும் சொல்லாதே."

"ஸ்கூல்ல?"

"அங்கயும் வேணாம். பேச்சு எப்படியாவது இங்க வந்துடும்."

பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. "அப்ப எங்கப்பா திருடனாவே இருக்கணுமா?" என்றது குழந்தை. பின்பக்கமாகவே நகர்ந்து கதவில் முதுகு முட்ட நின்றது. பெரியம்மா கீறி வைத்திருந்த தேங்காயை நீட்டினாள். குழந்தை வாங்கவில்லை. உள்ளே போய் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்துகொண்டது. பெரியவர், "யாரு, குட்டியா? வா, கோட்டைக் கதை சொல்றேன்" என்றார். குழந்தை அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சொல்லுங்க தாத்தா" என்றது.